துப்பியது ஞாபகம் இருக்கு, கேட்டது மறந்துபோச்சு

(முப்பத்தோரு வருடம் நாளிதழ் டெஸ்க்கில் செய்தி வெட்டி ஒட்டிய ஒரு கிழவன் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேர்தல்தான்.)

2006இல் என் முதல் ஓட்டு விஜயகாந்துக்கு. பத்து வருடம் கழித்து அவரைக் கிண்டல் செய்த மீம்ஸை நானே நாலு குரூப்புக்கு அனுப்பினேன். 2023 டிசம்பரில் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஒரே மனுஷனை மூன்று விதமாக நினைத்தது நானா, நினைக்க வைத்தது மீடியாவா?
*பெயர் வேண்டாம் என்ற வாசகி, விருத்தாசலம்*

தாயி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. உங்களுடைய அந்த மூன்று நினைப்பில் ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 2005 செப்டம்பரில் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். அடுத்த மே மாதமே தேர்தல். அவருக்கென்று ஒரு டிவி கிடையாது. தனியாக நின்று ஏறத்தாழ 8.4 சதவீத ஓட்டு வாங்கினார். பா.ம.க. கோட்டை என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்த உங்கள் ஊரில் ஜெயித்தார். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு 10 சதவீதத்தைத் தொட்டது. 2010இல் கேப்டன் டிவி வந்தது. சொந்த டிவி வைத்துக்கொண்டு நின்ற 2016இல் கிடைத்தது 2.4 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் மூன்றாம் இடம், டெபாசிட்டும் போனது. டிவி இருந்தால் ஓட்டு தானாக வரும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேலிக்கும் அதே கதைதான், ஒரு கட்டம் வரைக்கும். 2011 தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? வடிவேலு திருவாரூரில் ஆரம்பித்து ஊர் ஊராகப் போய் விஜயகாந்தை வாரினார். தர்மபுரியில் பிரசார வேனில் தன் கட்சி வேட்பாளரையே விஜயகாந்த் அடித்த காட்சியையும் போட்டுப் போட்டுத் தேய்த்தார்கள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துவிட்டு, நின்ற 41இல் 29 இடத்தைக் கொடுத்து அவரை எதிர்க்கட்சித் தலைவராக உட்கார வைத்தது. அடி வாங்கிய வேட்பாளரும் ஜெயித்தார்! கூட்டணி பலம் ஒரு காரணம். இன்னொன்று, எந்த டிவி யாருடையது என்பது டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையனுக்குக்கூடத் தெரியும். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்த வீட்டில் காபி கெடாது.

2016இல் அந்தப் பால்காரனைக் காணோம். கேலி உங்கள் சித்தி மகன் போனிலிருந்து வந்தது. அதில் கட்சிக் கொடி இல்லை, சேனல் லோகோ இல்லை. நீங்களே நாலு பேருக்கு அனுப்பியதால் அது உங்கள் சொந்தக் கருத்து மாதிரியும் ஆகிவிட்டது.

2015 டிசம்பர் 27. சென்னையில் ரத்த தான முகாம். 2016இல் அ.தி.மு.க. மறுபடி ஆட்சிக்கு வருமா என்று நிருபர்கள் கேட்டார்கள். வராது என்றார். அதோடு, இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் ஜெயலலிதாவிடம் போய்க் கேட்பீர்களா, பயப்படுவீர்கள் என்று சொல்லிவிட்டு, 'தூ' என்று துப்பினார். துப்பியது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அவர் கேட்டாரே, அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அந்த அம்மையார் நிருபர்களைச் சந்திப்பதே அபூர்வம், சந்தித்தாலும் எதைக் கேட்கலாம் என்பது எங்களுக்கே தெரியும். அன்று ராத்திரி எல்லாச் சேனலிலும் ஓடியது அந்த ஒரு எழுத்து. கேள்வியைக் கத்தரித்தாகிவிட்டது. செய்தியாளரே பாதிக்கப்பட்டவர், செய்தியை எழுதுவதும் அவரே என்றால் வேறு என்ன ஓடும்?

இப்போது என் பங்கு. நான் வேலை பார்த்த பேப்பரின் பெயர் வேண்டாம். 2016 ஏப்ரலில் ஒரு ராத்திரி, பிரசார வேனில் விஜயகாந்த் நிற்கும் படம் பதினொன்று வந்தது. பத்தில் சிரிக்கிறார், கும்பிடுகிறார், கை நீட்டிப் பேசுகிறார். ஒன்றில் வியர்வையைத் துடைக்கிற நேரம், கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. அந்த ஒன்றைத்தான் எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் மிரட்டவில்லை. 'இதுதான் விஜயகாந்த் மாதிரி இருக்கு' என்று தோன்றியது. மூன்று பத்தி அகலத்துக்குப் போட்டேன். கீழே எழுதிய குறிப்பில் ஊர், தேதி, வேட்பாளர் பெயர் எல்லாம் சரி. ஒரு எழுத்து பொய் கிடையாது. மறுநாள் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரிந்துதான் போட்டேனா, தெரியாமலா? இன்றைக்கும் பிடிபடவில்லை.

அவரைத் தோற்கடித்தது மீடியா மட்டும்தான் என்று நான் சொன்னால் அதுவும் ஒரு பக்கம் சாய்ந்த செய்தியாகிவிடும். எம்.எல்.ஏ.க்கள் கழன்றுபோனார்கள். மக்கள் நலக் கூட்டணிக்குப் போனது கட்சிக்காரர்களுக்கே பிடிக்கவில்லை. கேலி செய்தது வேறு வேலை: 'இவர் என்ன சொல்கிறார்' என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டது.

2023 டிசம்பர் 28ஆம் தேதி, அந்தத் 'தூ' நடந்து எட்டு வருடம் ஒரு நாள் கழித்து, அவர் போய்ச் சேர்ந்தார். ஷூட்டிங்கில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டது, நடிகர் சங்கக் கடனை அடைத்தது எல்லாம் நாள் முழுக்க ஓடியது. அத்தனையும் 2016லும் எங்கள் லைப்ரரியில் இருந்த சரக்குதான். நீங்கள் அழுததில் தப்பில்லை தாயி. இறந்தவரைப் பாராட்ட எங்களுக்குத் தைரியம் தேவைப்படுவதில்லை.

ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு சேனலில் ஜனக் கடல் என்கிறார்கள், இன்னொன்றில் காலி நாற்காலியைக் காட்டுகிறார்கள். எதை நம்ப?
*கல்லூரி மாணவர், தஞ்சாவூர்*

இரண்டும் உண்மையாக இருக்கலாம் தம்பி. வெளிச்சத்தைப் பாருங்கள். தலைவர் ஏழு மணிக்குத்தான் வருவார். நாலு மணி வெயிலில் எடுத்தால் எந்தக் கட்சிக்கும் காலி நாற்காலிதான். கேமரா மேடை உயரத்தில் முன்வரிசையோடு நின்றுவிட்டால் இரண்டாயிரம் பேர் இருபதாயிரமாகத் தெரிவார்கள்.

காதையும் நம்ப முடியாது. 2004 ஜனவரியில் அமெரிக்காவில், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீன், ஐயோவா மாநில உட்கட்சித் தேர்தலில் மூன்றாம் இடம் வந்த ராத்திரி, தொண்டர்களை உற்சாகப்படுத்த ஒரு கத்தல் போட்டார். அரங்கில் அத்தனை இரைச்சல். அதற்கு மேல் குரல் எழுப்பியாக வேண்டும். கையில் இருந்த மைக்கோ அவர் குரலை மட்டும்தான் வாங்கும். டிவியில் பார்த்தவர்களுக்கு அமைதியான அறையில் ஒரு ஆள் திடீரென்று அலறியது போலக் கேட்டது. நாலு நாளில் 600 தடவைக்கு மேல் ஒளிபரப்பினார்கள். ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தவர்தான். ஆனாலும் இன்றுவரை அவர் பெயரைச் சொன்னால் அந்தக் கத்தல்தான்.

படித்தவர்கள்கூட டிவி பார்த்து ஓட்டை மாற்றுவார்களா? எத்தனை பேர் மாறிவிடப் போகிறார்கள்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை*

ஐயா, கணக்கு எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்கிற ஃபாக்ஸ் நியூஸ் சேனல் 1996இல் வந்தது. கேபிள்காரரைப் பொறுத்துச் சில ஊர்களில் கிடைத்தது, சில ஊர்களில் கிடைக்கவில்லை. டெல்லாவிக்னா, கப்லான் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 9,000க்கும் மேற்பட்ட ஊர்களை ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். ஃபாக்ஸ் கிடைத்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் ஓட்டுப் பங்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை கூடியிருந்தது. 'இவ்வளவுதானா' என்பீர்கள். 2000 ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கட்சியின் புஷ் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜெயித்தது 537 ஓட்டில். நம்மூரிலும் சில நூறு ஓட்டில் முடிகிற தொகுதிகள் உண்டு. அங்கே நின்று தோற்றவரிடம் 'இவ்வளவுதானா' என்று கேட்டுப் பாருங்கள்.

காசு வாங்கிப் போட்ட செய்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*மளிகைக் கடைக்காரர், கோவில்பட்டி*

அண்ணாச்சி, இரண்டு பேப்பரை விரித்து வையுங்கள். வரிக்கு வரி ஒரே செய்தி, ஒரே 'எழுச்சி வரவேற்பு', நிருபர் பெயர் இல்லை, எதிர்த்து நிற்பவரைப் பற்றி மூச்சே இல்லை என்றால் யோசியுங்கள். மாவட்டத்துக்கு ஒரு ஊடகக் கண்காணிப்புக் குழு உண்டு, புகார் கொடுக்கலாம். பலன் இருக்குமா என்பீர்கள். உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதியில் 2007இல் ஜெயித்த எம்.எல்.ஏ., இப்படி வந்த செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011இல் தேர்தல் ஆணையம் மூன்று வருடத்துக்குத் தகுதி நீக்கம் செய்தது. நாலு வருடம் கழித்து! அடுத்த தேர்தலே வந்துகொண்டிருந்தது.