ஓஃபீலியா கையால் எடுத்த போட்டோவா?

கேள்வி: நண்பர்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை கூடி, அவரவருக்குப் பிடித்த ஓவியத்தைக் காட்டிப் பேசுகிறோம். நான் ஜான் எவரெட் மில்லேயின் 'ஓஃபீலியா'வைக் காட்டினேன்; ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்துப் பெண் ஆற்றில் மூழ்கும் காட்சி அது. "கையால் எடுத்த போட்டோ இது, கற்பனையே இல்லை. சாகிற பெண்ணுக்குப் பூ அலங்காரம் வேறு" என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டார். இன்னொருவரோ, ப்ரீ-ராஃபலைட் ஓவியம் (மில்லே இருந்த 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியக் குழுவின் பாணி) என்றால் வாட்டர்ஹவுஸின் 'ஷாலட் சீமாட்டி'தான் என்கிறார். ரசனை அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: விடக் கூடாது. பிடிப்பதும் பிடிக்காததும்தான் அவரவர் விருப்பம். படத்தில் என்ன இருக்கிறது என்பது யாருடைய விருப்பத்தையும் பொறுத்தது அல்ல.

போட்டோ என்கிறாரே, அதை முதலில் பார்ப்போம். 1851 ஜூலை தொடங்கி நவம்பர் வரை, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் யூவெல் அருகே ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் இருந்து மில்லே வரைந்தது கரையையும் நீரையும் செடிகொடிகளையும் மட்டும்தான். பெண்ணுக்கான இடம் காலியாகக் கிடந்தது. அந்த ஐந்து மாதங்களில் வெவ்வேறு சமயம் பூத்தவை எல்லாம் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் பூத்திருக்கின்றன. எந்தக் கேமராவுக்கும் அப்படி ஒரு நாள் வாய்க்காது. அதன் பிறகு லண்டனில், குளிர்காலத்தில், எலிசபெத் சிடால் பழைய சித்திரத்தையல் உடுப்போடு தண்ணீர்த் தொட்டியில் படுத்து மாதிரியாக இருந்தார். தொட்டிக்கு அடியில் எரிந்த விளக்குகள் ஒருமுறை அணைந்துபோக, அவருக்குக் கடும் சளி பிடித்தது. ஆக, இது இரண்டு பருவங்களை, இரண்டு இடங்களைத் தைத்துச் சேர்த்த படம். குறை சொல்லியே தீர வேண்டுமானால் உங்கள் நண்பர் இந்தத் தையலைச் சொல்லியிருக்கலாம். கரையில் இருப்பது வெட்டவெளி வெளிச்சம், முகத்தில் இருப்பது அறை வெளிச்சம். இரண்டும் முழுசாக ஒட்டவில்லை என்பதே என் கருத்தும்.

'பூ அலங்காரம்' என்பது இன்னும் பெரிய தவறு. 'ஹாம்லெட்' நாடகத்தில் ஓஃபீலியா சாவது மேடையில் நடப்பதே இல்லை. நான்காம் அங்கம் ஏழாம் காட்சியில் அரசி வந்து வாயால் சொல்கிறாள்: வில்லோ மரக் கிளை முறிந்தது, மாலைகளோடு விழுந்தாள், உடுப்பு விரிந்து சற்று நேரம் தாங்கியது, தன் ஆபத்து தனக்கே தெரியாமல் பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தாள். மில்லே வரைந்தது அந்தச் 'சற்று நேரத்தை'. வாய் திறந்திருப்பது அதனால்தான். உடுப்பின் கீழ்ப்பகுதி நீர் குடித்துக் கனக்கத் தொடங்கிவிட்டது, மேல்பகுதி இன்னும் மிதக்கிறது. கழுத்தில் வயலட் பூச்சரம் இருக்கிறது. தந்தை இறந்தபோது வயலட் எல்லாம் வாடிவிட்டன என்று நாடகத்தில் சொன்னவள் அவள். வலக்கை அருகே மிதக்கும் சிவப்புப் பாப்பி மட்டும் ஷேக்ஸ்பியரில் கிடையாது. தூக்கத்துக்கும் சாவுக்கும் அடையாளமான அந்தப் பூவை மில்லே தாமாகச் சேர்த்தார். கற்பனை இல்லை என்பவருக்கு அந்த ஒரு பூவைக் காட்டுங்கள்.

அவர் பார்த்தது சரியான பிரதிதானா என்பதும் சந்தேகம். மூலம் லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 76 செ.மீ. உயரம், 112 செ.மீ. அகலம். மேல் மூலைகள் இரண்டும் வளைந்திருக்கும். உங்கள் பிரதியில் அவை சதுரமாக இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி வெட்டும்போது இடப்பக்கம் வில்லோவில் உட்கார்ந்திருக்கும் சின்ன ராபின் குருவியும் சில பிரதிகளில் போய்விடும்.

'ஓஃபீலியா'வின் வண்ணங்களில் தெரியும் ஒளி எப்படி வந்தது என்று தெரிந்தால் விவாதமே மாறும். மில்லேயும் அதே குழுவின் ஓவியர் ஹோல்மன் ஹன்ட்டும் கையாண்ட முறையை ஹன்ட்டே எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைப் பூச்சுப் பூசிய கித்தானைக் கல் போல இறுகவிட்டு, அதன் மேல் கோட்டுச் சித்திரத்தைத் துல்லியமாக முடிக்க வேண்டும். வரையும் நாள் காலையில், வெள்ளைச் சாயத்தில் மிஞ்சிய எண்ணெயை உறிஞ்சுதாளால் எடுத்துவிட்டு, ஒரு சொட்டு வார்னிஷ் கலந்து, அன்றைக்கு முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் தட்டைக்கத்தியால் சீராகத் தடவ வேண்டும். அடியில் இருக்கும் கோடு லேசாகத் தெரிய வேண்டும். அந்த ஈரத்தின் மேல் மெல்லிய சேபிள் தூரிகையால், ஒளி ஊடுருவும் வண்ணங்களைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். கை அழுந்தினால் வெள்ளை கிளறிக்கொண்டு மேலே வரும், வண்ணம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துவிடும். வெள்ளை காய்ந்த பின் வைத்தால் கறை போலத் திட்டாக நிற்கும். மறுநாள் திருத்தலாம் என்று தொட்டால் ஒளி செத்துப்போகும். அதனால் ஒரு நாளில் கொஞ்ச இடம்தான் நகரும். அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் நிழலுக்குப் பயன்படுத்திய பிட்டுமன் என்ற தார் போன்ற பழுப்புச் சாயம் எப்போதும் முழுசாகக் காயாது, முதலைத்தோல் போல வெடித்துவிடும். இவர்கள் அந்தப் பழுப்பிலிருந்து விலகினார்கள்.

இனி 'ஷாலட் சீமாட்டி'. வாட்டர்ஹவுஸ் பிறந்தது 1849-இல். ப்ரீ-ராஃபலைட் சகோதரக் குழு தொடங்கியது 1848 செப்டம்பரில், ஏழு பேரோடு. சில ஆண்டுகளில் அது கலைந்தும் விட்டது. அவருடைய படம் 1888-இல் வந்தது. கதைப்பொருள் அந்தக் குழுவினருடையது, தூரிகை அவர்களுடையது அல்ல. நாணலைப் பாருங்கள், அகலமான தீற்றல்கள். மில்லே அங்கே ஒவ்வொரு நாணல் தண்டையும் எண்ணி வைத்திருப்பார். இதனால் படம் குறைந்துவிடவில்லை. படகு முனையில் மூன்று மெழுகுவர்த்திகளில் ஒன்று மட்டும் எரிகிறதே, அந்த இடம் அபாரம். ஆனால் ப்ரீ-ராஃபலைட்டுக்கு உதாரணமாக அதை நிறுத்தாதீர்கள்.

உதாரணம் வேண்டுமானால் அடுத்த மாதம் ஹன்ட்டின் 'வழிதவறிய ஆடுகள்' (1852) காட்டுங்கள். ஹேஸ்டிங்ஸ் பக்கத்துக் கடற்பாறை விளிம்பில் முட்செடிக்குள் சிக்கிய ஆடுகள். 43-க்கு 58 செ.மீ. அளவில் சின்னப் படம்தான். பிரதியைப் பெரிதாக்கி ஆடுகளின் காதைப் பாருங்கள்: பின்னாலிருந்து படும் வெயில் காதுமடலுக்குள் புகுந்து, உள்ளே ஓடும் ரத்தம் சிவப்பாகத் தெரிகிறது.