அம்மாவின் நடைவேகத்தில் இத்தாலி

கேள்வி: குடும்பத்துடன் இத்தாலிக்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்கே கற்றுக்கொண்டவற்றையும் மறக்க முடியாத அனுபவங்களையும் பகிர முடியுமா?

2024 மே மாதத்தில் நான், என் மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், 68 வயதான என் அம்மா ஆகிய ஐவரும் இத்தாலியில் பதினொரு இரவுகள் தங்கினோம். நான் கட்டடப் பொறியாளன். ரோமானியர்களின் கான்கிரீட்டைப் பற்றிக் கல்லூரி நாட்களிலிருந்தே ஆர்வத்துடன் படித்து வந்ததால், பயணத் திட்டத்தை நானே வகுத்தேன். ரோம், பொம்பெய், பிளாரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான் என்று ஆறு ஊர்கள் அதில் இருந்தன. இரண்டாம் நாள் இரவே அந்தத் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. கைவிட்ட பிறகுதான் பயணம் நன்றாக அமைந்தது என்பதால், என் பதில் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

தவறு முழுக்க என்னுடையது. ரோமில் இரண்டாம் நாள் காலையில் கொலோசியத்தையும் அதை ஒட்டிய, பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான பழைய மன்றத்தின் இடிபாடுகளையும், பிற்பகலில் வத்திக்கான் அருங்காட்சியகங்களையும் பார்ப்பதாக முன்பதிவு செய்திருந்தேன். வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே அதிகத் தூரம் இல்லை. ஆனால் ரோமின் பழைய தெருக்களில் கைக்கு அடங்கும் அளவுள்ள கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். அவற்றின் மேல்முகம் சமமாக இருப்பதில்லை. முழங்கால் வலி உள்ள ஒருவருக்கு அந்தத் தரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பது சமதரையில் மூன்று கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அன்றிரவு அம்மாவின் கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன. "நீங்கள் எல்லாரும் போய்விட்டு வாருங்கள், நான் அறையிலேயே இருந்துகொள்கிறேன்" என்று அவர் சொன்னபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அந்த இரவே மிலானையும் பீசாவையும் திட்டத்திலிருந்து நீக்கினோம். மிலான் விடுதிக்குக் கட்டியிருந்த பணம் திரும்பக் கிடைக்கவில்லை. குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் ஒரு நாளில் எவ்வளவு நடப்பார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு ஊர்களை எண்ணுங்கள்.

நான்காம் நாள் மழை பெய்தது. கால் வீக்கம் குறைந்திருந்ததால், வாடகைக் காரில் அம்மாவைப் பாந்தியனுக்கு மட்டும் அழைத்துச் சென்றோம். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட ஆலயம் அது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையான உயரமும் அதே அளவு. ஒரு கம்பிகூடக் கட்டாமல் எழுப்பப்பட்ட கான்கிரீட் குவிமாடங்களில் இதைவிடப் பெரியது இன்றுவரை உலகில் இல்லை. எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையில், அடிப்பகுதிக்குக் கனமான கல்லை ஜல்லியாகப் போட்டவர்கள், மேலே போகப் போக எடை குறைந்த கல்லைத் தேர்ந்தெடுத்து, உச்சிக்கு அருகில் நுரைக்கல்லைப் போட்டிருக்கிறார்கள். அடியில் ஆறு மீட்டர் அளவுக்கு இருக்கும் கனம் உச்சியில் ஒன்றேகால் மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 609ஆம் ஆண்டு தேவாலயமாக மாற்றப்பட்டதால், பிற்காலத்தவர் கல்லுக்காகவும் உலோகத்துக்காகவும் மற்றக் கட்டடங்களைச் சிதைத்ததுபோல் இதை முழுமையாகச் சிதைக்கவில்லை. இவற்றை எல்லாம் நான் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்கு வட்டமான திறப்பு ஒன்று இருக்கிறது; அதற்கு மூடி கிடையாது. அதன் வழியே மழை நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று அம்மா கேட்டார். நான் சொல்வதற்குள் மகன் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். பளிங்குத் தரை நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேடாக இருக்கிறது. வழிந்தோடும் நீரை வாங்கிக்கொள்ளத் தரையிலேயே சிறு துளைகள் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கும்பகோணத்துக்கு அருகே தான் பிறந்து வளர்ந்த வீட்டின் முற்றத்தைப் பற்றி அம்மா பேசத் தொடங்கினார். ஐப்பசி மழையில் முற்றத்தின் நான்கு மூலைகளிலும் அண்டாக்களை வைத்துத் தண்ணீர் பிடித்ததையும், தூம்பு அடைத்துக்கொண்டால் தாத்தா மழையில் நனைந்தபடி குச்சியால் குத்திவிட்டதையும் சொன்னார். அந்த வீடு என் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே விற்கப்பட்டுவிட்டது. பாந்தியனில் நாங்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். என் பழைய திட்டத்தில் அதற்கு இருபது நிமிடங்கள் ஒதுக்கியிருந்தேன்.

மறுநாள் பொம்பெய். ரோமிலிருந்து நேபிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். அங்கிருந்து உள்ளூர் ரயில் இருக்கிறது. நகரத்தின் ஆம்பிதியேட்டர் பக்கத்து வாயிலிலிருந்து, படிகள் இல்லாத நடைபாதை ஒன்றை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் அமைத்திருக்கிறார்கள். வயதானவர்களோடு செல்வோர் அந்த வாயிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவின் குறுக்கே மழைநீரில் கால் படாமல் கடப்பதற்காக உயரமான கற்களைப் போட்டிருப்பதையும், அவற்றின் இடையே வண்டிச் சக்கரங்கள் உருண்டு உருண்டு கல்லில் பள்ளம் விழுந்திருப்பதையும் மகன் விரலால் தடவிப் பார்த்தான். 79ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்தவர்களின் உடல்கள் மக்கிப்போய் வெற்றிடங்களாக எஞ்சியிருந்தன. 1863இல் ஃபியொரெல்லி என்னும் ஆய்வாளர் அவற்றில் சாந்து ஊற்றி மனித வடிவங்களை மீட்டெடுத்தார். அவற்றின் முன்னால் என் மகள் வெகுநேரம் பேசாமல் நின்றாள். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாமா என்று கேட்பவர்களுக்கு, அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அது என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்பதே என் பதில்.

பொம்பெய்யின் பழைய மன்றத்துக்கு வடக்கே, நடனமாடும் சிறு வெண்கலச் சிலையால் பெயர்பெற்ற 'ஃபான் வீடு' இருக்கிறது. வாசல் தரையில் வண்ணக் கற்களைப் பதித்து லத்தீனில் வணக்கம் எழுதியிருப்பதைப் பார்த்து, "கோலம் போடும் இடத்தில் எழுதியிருக்கிறார்கள்" என்றார் அம்மா. உள்ளே நுழைந்தால் ஒரு கூடம். அதன் கூரையின் நடுவே திறப்பு, நேர் கீழே மழைநீரை வாங்கும் ஆழமில்லாத தொட்டி. இத்தகைய வீடுகளில் அந்த நீர் நிலத்தடித் தொட்டிக்குப் போய்ச் சேரும். அம்மா தொட்டியின் ஓரத்தில் நின்று, "இது முற்றம்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். அந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் கட்டடக்கலைத் தொடர்பு இருந்தது என்று நான் இதை வைத்துச் சொல்லவில்லை. வெயிலும் மழையும் உள்ள ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள் தனித்தனியே இதே முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் விற்றுப்போன ஒரு வீட்டைப் பேரப்பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்ட முடிந்த இடம் என் அம்மாவுக்கு அதுதான். நேபிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில், 1938இல் பொம்பெய்யில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று இருக்கிறது. நேரமின்மையால் அதைப் பார்க்காமல் வந்தது இன்னும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அம்மா சைவம், முட்டையும் சாப்பிடமாட்டார். புதிதாகப் பிசைந்து செய்யும் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். கடையில் விற்கும் காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு உறையவைக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகு அம்மா அதைத் தொடவில்லை. காய்கறி சூப்பிலும் மாமிசம் வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். தக்காளி, பூண்டு, ஓரிகனோ மட்டும் போட்ட மரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டியே கிடையாது. அதுதான் எங்களுக்குத் துணையாக இருந்தது. பல உணவகங்கள் இரவு ஏழரை மணிக்குத்தான் திறக்கின்றன. பிள்ளைகளுக்கு அதுவரை பசி தாங்காது. ஆகவே விடுதி அறைக்குப் பதிலாகச் சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பது நல்லது. அங்கே கிடைக்கும் அர்போரியோ அரிசி குழைந்து வருவதால் தயிர்சாதத்துக்கு மிகவும் பொருந்துகிறது. தண்ணீர்ப் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. ரோமில் 1874 முதல் நிறுவப்பட்டுவரும் 'நசோனே' என்னும் தெருக் குழாய்கள் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் நல்ல குடிநீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டினராக இருந்தாலும், நுழைவுக் கட்டணம் இல்லை. இருந்தாலும் முன்பதிவும் கடவுச்சீட்டும் தேவை.

பிளாரன்ஸில் நான்கு இரவுகள் இருந்தோம். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1420க்கும் 1436க்கும் இடையே கட்டிய பேராலயக் குவிமாடத்தில் நானும் பிள்ளைகளும் 463 படிகள் ஏறினோம். அம்மாவும் மனைவியும் கீழே சதுக்கத்தில் காத்திருந்தார்கள். படிகள் குவிமாடத்தின் உள், வெளி என்ற இரண்டு ஓடுகளுக்கு இடையே செல்கின்றன. தரையிலிருந்து சென்டரிங் முட்டுக் கொடுக்காமலே அவ்வளவு பெரிய வளைவை நிறுத்திய செங்கல் வரிசைகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். எனக்குக் கண் கலங்கியது. பீசாவுக்குப் பதிலாக லூக்காவுக்கு ஒரு நாள் சென்றுவந்தோம். அந்த ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஒரு கோட்டை மதில் இருக்கிறது. மதிலின் மேலேயே மரங்கள் அடர்ந்த அகலமான சாலை ஓடுகிறது. பிள்ளைகள் வாடகை மிதிவண்டியில் இரண்டு சுற்று வந்தார்கள், அம்மா நிழலில் உட்கார்ந்திருந்தார். அங்கே செல்லும் வழியில் எங்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. உள்ளூர் ரயில்களுக்கான காகிதச் சீட்டை, ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய சீட்டாக இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அது செல்லாது.

வெனிஸில் பாலங்கள் 400க்கும் மேல். பெரும்பாலானவற்றில் படிகள் உண்டு. படகு நிறுத்தத்திலிருந்து ஒரு பாலத்தையும் கடக்காமல் செல்லக்கூடிய விடுதியாகத் தேடிப் பிடித்தது அந்தப் பயணத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. 2024இல் தொடங்கிய நுழைவுக் கட்டணம் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு உரியது. இரவு தங்குபவர்கள் பதிவு செய்தால் போதும். பெருங்கால்வாய் முழுவதும் செல்லும் ஒன்றாம் எண் படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. கடைசி நாள் அதிகாலையில் அம்மாவுக்கு அதில் முன்னிருக்கை கிடைத்தது. காய்கறிக் கூடைகளை ஏற்றிய படகுகளும், குப்பை அள்ளும் படகும், சைரன் ஒலியுடன் மருத்துவமனைப் படகும் எங்களைக் கடந்து சென்றன. ரயில் நிலைய நிறுத்தம் வந்தபோது ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இறங்கிப் பெட்டிகளைக் காப்பறையில் வைத்துவிட்டு, எதிர்த்திசைப் படகில் ஏறி, அம்மாவின் விருப்பப்படி மறுபடியும் ஒருமுறை போய்வந்தோம்.