நடுவரின் பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கியபடி இசைக்கு ஆடித் தாவும் போட்டி) பைத்தியம் என் மகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. போன வாரம் 2014 சோச்சி ஒலிம்பிக்ஸ் பெண்கள் போட்டியை யூடியூபில் பார்த்தோம். கொரியாவின் யூனா கிம் ஒரு பிசகும் இல்லாமல் ஆடி முடித்தார். ஒரு தாவலில் தடுமாறிய ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவாவுக்குத் தங்கம். போட்டி நடந்ததும் ரஷ்யாவில். “ஓட்டப்பந்தயத்துல கோடு இருக்கு, இதுல யாரு முடிவு பண்றது?” என்று மகள் கேட்டாள். மனிதர்கள் மதிப்பெண் போடும் வரை இதை விளையாட்டு என்று சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் விரும்பும் பதிலை என்னால் சொல்ல முடியாது. சோட்னிகோவாவின் தங்கம் பட்டப்பகல் கொள்ளை என்று நான் நினைக்கவில்லை. இன்றைய முறையில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செய்த அழகைப் பொறுத்து நடுவர்கள் கொஞ்சம் கூட்டுவார்கள், குறைப்பார்கள். முதல் சுற்று முடிந்தபோது கிம் 0.28 புள்ளிதான் முன்னால் இருந்தார். இரண்டாம் சுற்றில் அவர் காற்றில் மூன்று முறை சுழலும் மும்மடங்குத் தாவல்கள் ஆறு வைத்திருந்தார், சோட்னிகோவா ஏழு. இறுதியில் சோட்னிகோவா 224.59, கிம் 219.11. எனக்கும் கிம்மின் ஆட்டம்தான் பிடிக்கும். ஆனால் பிடிப்பது வேறு, கணக்கு வேறு.

என்னை உறுத்துவது நடுவர் வரிசை. இரண்டாம் சுற்றுக்கு உட்கார்ந்த ஒன்பது பேரில் ஒருவர், ரஷ்ய ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் மூத்த நிர்வாகி ஒருவரின் மனைவி. இன்னொருவர், 1998 நாகானோ ஒலிம்பிக்ஸில் முடிவை முன்கூட்டியே பேசிவைத்த விவகாரத்தில் ஓராண்டுத் தடை வாங்கியவர். அவர்கள் தவறாக மதிப்பெண் போட்டார்களா? சொல்ல முடியாது. ஏனென்றால் அன்றைய மதிப்பெண் தாளில் ஒன்பது பத்திகள் இருந்தன, எந்தப் பத்தி யாருடையது என்பது மட்டும் இல்லை. வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். அதுதான் அப்போதைய விதி.

அந்த விதி வந்த கதை 2002 சால்ட் லேக் சிட்டியில் தொடங்குகிறது. ஜோடிப் பிரிவில் ரஷ்யாவின் பெரெஷ்னயா–சிகாருலிட்ஸே, கனடாவின் சலே–பெல்டியே. சிகாருலிட்ஸே ஒரு தாவலில் இறங்கும்போது கால் தடுமாறினார். கனடா ஜோடி பிசகே செய்யவில்லை. அப்போது இருந்தது ஆறுக்கு மதிப்பெண் போடும் பழைய 6.0 முறை. அதில் நடுவர் 5.8 போட்டாரா 5.9 போட்டாரா என்பதைவிட, யாரை முதலில் வைத்தார் என்பதுதான் பேச்சு. ஐந்துக்கு நான்கு என்று ரஷ்யா வென்றது. ஐந்தாவது ஓட்டு பிரெஞ்சு நடுவர் மரி-ரேன் லெ கூன்யுடையது. தன் நாட்டுக் கூட்டமைப்புத் தலைவர் நெருக்கினார் என்று அவர் முதலில் சொன்னார், பிறகு மாற்றிப் பேசினார். ரஷ்ய ஜோடிக்குப் பிரான்ஸ் ஓட்டு, ஐஸ் நடனத்தில் பிரெஞ்சு ஜோடிக்கு ரஷ்ய ஓட்டு என்பதுதான் பேரம் என்று கிளம்பியது குற்றச்சாட்டு. கடைசியில் கனடாவுக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். ரஷ்யர்களின் தங்கம் அவர்களிடமே இருந்தது, அவர்கள்மீது குற்றம் எதுவும் இல்லை. நடுவருக்கும் பிரெஞ்சுக் கூட்டமைப்புத் தலைவருக்கும் மூன்றாண்டுத் தடை.

அப்புறம் 6.0 போனது, 2004-இல் புள்ளி முறை வந்தது. நல்ல மாற்றம்தான். கூடவே நடுவரின் பெயரையும் மறைத்தார்கள். சொன்னபடி மதிப்பெண் போட்டாரா என்று யாராலும் சரிபார்க்க முடியாவிட்டால், அவரிடம் பேரம் பேச யார் வருவார்கள் என்பது வாதம். கேட்க புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் டார்ட்மத் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் எரிக் ஸிட்ஸெவிட்ஸ் மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, சொந்த நாட்டுக்காரருக்குக் கூடுதலாகப் போடும் பழக்கம் குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது. இருட்டில் யாருக்கு வெட்கம்? 2016-இல் மறைப்பைக் கைவிட்டார்கள். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு, தம் நாட்டவருக்குச் சாதகமாகப் போட்டதற்காக இரண்டு சீன நடுவர்களுக்குத் தடை விழுந்தது.

என் கதையும் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். முதலில் பேசிய பெண்ணுக்கு ஏழு போட்டேன், பின்னால் யார் வருவார்களோ என்று கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. பத்தாவதாக அதே தரத்தில் பேசிய பையனுக்கு எட்டரை. எனக்கு யாரும் பணம் தரவில்லை, அவன் எனக்கு உறவும் இல்லை. மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணையும் கூட்டி மொத்தத்தை மட்டும் அறிவித்ததால் நான் தப்பித்தேன். அந்தப் பெண்ணின் அம்மா என் தாளைப் பார்த்து “ஏன் சார் ஏழு?” என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். இரண்டாவது முறை கூப்பிட்டபோது, நான் போட்டதை என் பெயரோடு ஒட்டுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

சரி, இது விளையாட்டா? விளையாட்டுதான். தாவலில் சுழற்சி கால் பங்கு குறைந்ததா என்பதைக் கேமராவும் கணினியும் இனி நம்மைவிட நன்றாகவே பார்க்கும், பார்க்கட்டும். இசையோடு உடம்பு சேர்ந்ததா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். சொன்னவர் யார் என்று தெரிந்தால் போதும் எனக்கு.

உங்கள் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். சோச்சி மதிப்பெண் தாளும் பியோங்சாங் தாளும் இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் நடுவர் யாருக்கு எவ்வளவு போட்டார் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு தாளில் அவளால் முடியும்.