அவரவர் வீட்டுச் சண்டை

அன்பின் ஐயா,

நான் வடக்கு லண்டனில், கிரீன் லேன்ஸ் பக்கம் குடியிருக்கிறேன். போன சனிக்கிழமை மாலை இங்கே ஒரு சின்ன அரங்கில் கிரேக்க, துருக்கியச் சுயாதீனப் படங்கள் என்று இரண்டு போட்டார்கள். முதலில் 'அட்டன்பெர்க்'. இடைவேளையில் காபி, அது கிரேக்கக் காபியா துருக்கிக் காபியா என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் 'மேகங்களுக்காகக் காத்திருத்தல்'. முதல் படத்தில் இரண்டு பெண்கள் காரணமே இல்லாமல் தெருவில் கோணல்மாணலாக நடக்கிறார்கள். இரண்டாவதில் முதல் அரைமணி நேரம் தூங்கிவிட்டேன், கடைசி அரைமணி நேரம் அழுதேன். அறிமுகம் செய்தவர் 'இரு நாட்டு நட்புப் பாலம்' என்று நீளமாகப் பேசினார். எனக்கு எந்தப் பாலமும் தெரியவில்லை. இவற்றை ஏன் சேர்த்துப் போடுகிறார்கள்? ஏன் இவ்வளவு மெதுவாக எடுக்கிறார்கள்?

ம.

அன்புள்ள ம.,

தூங்கியதற்கு வெட்கப்பட வேண்டாம். துருக்கிய இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் 'உஸாக்' (2002) படத்தில் ஒரு காட்சி. இஸ்தான்புல்லில் இருக்கும் புகைப்படக்காரர் வீட்டில் ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவுக்காரப் பையன் தங்கியிருக்கிறான். அவனை எப்படியாவது படுக்கைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் மிக மெதுவான 'ஸ்டாக்கர்' படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பையன் கொட்டாவி விட்டு எழுந்து போனதும் நீலப்படத்துக்கு மாற்றிவிடுகிறார். மெதுவான படம் எடுப்பவர்களுக்கும் உங்கள் தூக்கம் தெரியும் என்று சொல்ல வந்தேன். அந்தப் படத்தில் வரும் வீடு ஜெய்லான் குடியிருந்த வீடு, பையனாக நடித்தவர் அவருடைய உறவினர் மெஹ்மெத் எமின் தோப்ராக். 2003 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது இவருக்கும் உடன் நடித்தவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது தோப்ராக் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்பே கார் விபத்தில் இறந்துவிட்டார். சொந்த வீடும் சொந்தக்காரர்களும்தான் முதலீடு என்றால் துரத்தல் காட்சியா எடுக்க முடியும்? முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாலம் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். இந்தப் பேச்சை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். நல்ல கிரேக்கப் படமும் நல்ல துருக்கியப் படமும் பக்கத்து நாட்டோடு பேசுவது அபூர்வம். அவை சண்டை போடுவது தன் வீட்டோடுதான்.

நீங்கள் அழுத படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் யெஷிம் உஸ்தாவோலு கருங்கடல் கரையில் த்ராப்ஸோனில் வளர்ந்தவர், கட்டடக்கலை படித்தவர். கதை 1975-இல், அதே கரையில் திரெபோலு என்ற ஊரில் நடக்கிறது. ஆயிஷே என்ற கிழவி உண்மையில் எலேனி. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கரையின் கிரேக்கர்களை உள்நாட்டுக்கு நடத்தியே விரட்டியபோது குடும்பத்தை இழந்த குழந்தை, ஒரு துருக்கியக் குடும்பம் எடுத்து வளர்த்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் அவள் தன் மொழியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். 1923-இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டு சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்களைக் கிரேக்கத்தின் கணக்கிலும், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைத் துருக்கியின் கணக்கிலும் எழுதினார்கள். பிரித்தது மொழியை வைத்து அல்ல, மதத்தை வைத்து. அதனால் துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தில் போய் இறங்கினார்கள், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியில் இறங்கினார்கள், த்ராப்ஸோன் மலைக் கிராமங்களில் முஸ்லிம்களாக இருந்ததால் தங்கிவிட்டவர்கள் இன்றும் ரோமேய்கா என்ற பழைய கிரேக்க வழக்கைப் பேசுகிறார்கள். இதையெல்லாம் ஒரு துருக்கியப் பெண் 2004-இல் எடுத்துப் போட்டது கிரேக்கர்களைச் சமாதானப்படுத்த அல்ல என்றுதான் நினைக்கிறேன். நம் வீட்டில் என்ன ஒளித்து வைத்திருக்கிறோம் என்று தன் ஆட்களைக் கேட்கிறார். கிழவி கடைசியில் கிரேக்கத்தின் தெஸலோனிகியில் சகோதரனைத் தேடிப் போகிறாளே, அங்கேயும் அவளுக்காக யாரும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கவில்லை.

சரி, கோணல் நடை. 'அட்டன்பெர்க்' (2010) அதினா ரேச்சல் சங்காரி எடுத்தது. டேவிட் அட்டன்பரோவின் விலங்குப் படங்களைப் பார்த்து வளர்ந்த பெண்தான் கதாநாயகி, அந்தப் பெயரை அவள் தோழி தப்பாகச் சொல்வதுதான் தலைப்பு. கதை நடக்கும் ஊர், 1960-களில் அலுமினிய ஆலைத் தொழிலாளர்களுக்காகத் திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு. சாகக் கிடக்கும் அப்பா ஒரு கட்டடக் கலைஞர். ஆட்டுப்பட்டியிலிருந்து நேரே புல்டோசருக்குத் தாவிவிட்டோம் என்பது அவருடைய கசப்பு. தன்னை எரிக்க வேண்டும் என்கிறார், அதற்கு உடலை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கிரேக்கத்தில் முதல் எரியூட்டு நிலையம் வந்ததே 2019-இல்தான். இதில் துருக்கி எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. கிரேக்கக் குடும்பம், கிரேக்கத் திருச்சபை, கிரேக்க அரசு, இவைதான் எதிர்த்தரப்பு. 2009-இல் அங்கே சினிமாக்காரர்கள் சேர்ந்து புதிய திரைப்படச் சட்டம் கேட்டு தெஸலோனிகி விழாவையே புறக்கணித்தார்கள். துருக்கியிலோ எமின் ஆல்பர் 'எரியும் நாட்கள்' (2022) எடுத்த பிறகு, கொடுத்த மானியத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்றது கலாச்சார அமைச்சகம். அந்தப் படத்தின் கூட்டுத் தயாரிப்பில் கிரேக்கமும் உண்டு. பாலம் என்றால் எனக்குத் தெரிந்து இந்த மாதிரிக் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

ஒரு வேடிக்கை: 1982 கான் விழாவில் முதல் பரிசான தங்கப் பனையை இரண்டு படங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒன்று துருக்கிய இயக்குநர் யில்மாஸ் குணே சிறையிலிருந்தபடியே எழுதி, ஷெரிஃப் கோரென் படம்பிடித்த 'யோல்'. மற்றது கிரேக்கத்தில் பிறந்த கோஸ்டா காவ்ராஸின் 'மிஸ்ஸிங்'. சிலி நாட்டு ராணுவ ஆட்சி பற்றிய அமெரிக்கப் படம்!

காபிக்கு வருகிறேன். கிரேக்கத்திலும் அதைத் துருக்கிக் காபி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், துருக்கி படையெடுத்த 1974 சைப்ரஸ் போருக்குப் பிறகுதான் கிரேக்கக் காபி ஆனது. சைப்ரஸ் என்றதும் உங்கள் தெரு ஞாபகம் வருகிறது. அந்தத் தீவிலிருந்து வந்த இரண்டு தரப்பும் கிரீன் லேன்ஸில் அடுத்தடுத்துக் கடை வைத்தவர்கள்தானே. துருக்கிய சைப்ரஸ்காரர் தெர்விஷ் ஸைமும் கிரேக்க சைப்ரஸ்காரர் பானிகோஸ் கிரிசாந்துவும் சேர்ந்து 2004-இல் 'பேரலல் ட்ரிப்ஸ்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். 1974-இல் இரண்டு பக்கமும் நடந்த கொலைகளில் தப்பியவர்கள் பேசுகிறார்கள். அங்கே வீடே ஒன்று என்பதால் சண்டையும் ஒன்றாகிவிடுகிறது. அந்த அரங்கில் அடுத்த முறை அதைப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அறிமுக உரையை மட்டும் சுருக்கச் சொல்லுங்கள்.