மிஸ் ஹவிஷாமுக்கு அப்பால்: எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயிலும் வாசகி ஒருவர், விக்டோரியா காலப் புதினங்களில் முதிர்கன்னியரின் காதல் குறித்து ஆய்வேடு எழுதப்போவதாகவும், எங்கு தேடினாலும் மிஸ் ஹவிஷாமே முன்னால் வந்து நிற்பதாகவும் சொல்லி, எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1860–61) நாவலில் வரும் ஹவிஷாம், மணநாளில் கைவிடப்பட்ட நேரத்திலேயே கடிகாரங்களை நிறுத்திவிட்டு, மஞ்சள் பூத்த மண உடையோடு வாழ்கிறார். ஆனால் துயரத்தை அவ்வளவு பெரிதாகக் காட்சிப்படுத்த அவருக்குத் தந்தையின் பீர் ஆலைச் சொத்து இருந்தது. ஆகவே அவரை விதிவிலக்காகவே கொள்ளுங்கள்.

எலிசபெத் காஸ்கெலின் 'கிரான்ஃபோர்ட்' நாவலிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். பாதிரியார் மகளான மிஸ் மேட்டியை ஹோல்புரூக் என்ற விவசாயி இளமையில் விரும்பினார். அந்தஸ்து போதாதென்று தந்தையும் அக்காவும் கருதியதால் அது கைகூடவில்லை. முதுமையில் இருவரும் மீண்டும் சந்தித்த சில காலத்திலேயே அவர் இறந்துவிட, துக்கத்தை வெளிக்காட்டாத மேட்டி, தொப்பி தைப்பவரிடம் ஊரில் மதிப்புமிக்க ஜேமிசன் சீமாட்டியின் தொப்பியைப் போலவே தனக்கும் வேண்டுமென்று கேட்கிறார். அது கைம்பெண்கள் அணியும் தொப்பி ஆயிற்றே என்று தையற்காரி வியந்ததும், அந்தப் பாணியில் இருந்தால் போதும் என்று தடுமாறிச் சமாளிக்கிறார். மணமாகாத ஒருத்தி கைம்மை அணிய விரும்பியது அந்த ஒரு கணத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. அந்த மறைப்பு முயற்சியிலிருந்துதான் அவருடைய தலையிலும் கைகளிலும் நடுக்கம் தொடங்கியது என்கிறார் கதைசொல்லும் இளம்பெண். 'காதல்' என்ற சொல்லை மேட்டி எங்கே சொல்கிறார் என்று தேடாமல், பொருட்களையும் சைகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பணிப்பெண் மார்த்தாவைக் காதலன் வந்து பார்க்க அவர் பிறகு இசைவதும் அந்தக் குறிப்பில் சேர வேண்டும்.

ஷார்லட் பிராண்டேயின் 'வில்லெட்' (1853) நாவலில் வரும் மிஸ் மார்ச்மாண்ட் இதற்கு நேரெதிர். முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த காதலனைப் பற்றி ஓரிரவு மனம்விட்டுப் பேசுகிறார், விடிவதற்குள் இறந்துபோகிறார்.

மணமாகாத பெண்களை உபரியாகக் கணக்கிட்டு, குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பலாம் என்று ஆங்கிலக் கட்டுரையாளர் டபிள்யூ. ஆர். கிரெக் 1862இல் எழுதிய கட்டுரையையும் உடன் வைத்துப் படியுங்கள். ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் 'தி ஆட் விமன்' (1893) நாவல் அந்த எண்ணத்துக்கு எதிராக நிற்கிறது. அதில் ரோடா நன், தன்னை விரும்புகிறவரை மறுத்துத் தன் பணியைத் தேர்கிறார். அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், 'முதிர்கன்னி' என்ற சொல்லுக்கு அக்காலம் வைத்த வயது வரம்பை ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள்.

இந்த வாரம் 'கிரான்ஃபோர்ட்' நூலின் மூன்றாம், நான்காம் அத்தியாயங்களை மட்டும் இருமுறை படித்துப் பாருங்கள்.