கருவி எழுதிய கட்டுரையைக் கலைக்களஞ்சியத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் எழுதிவருகிறேன். சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் கட்டுரையைத் திருத்திப் பதிவேற்றலாமா? எல்லோரும் அதனிடமே கேட்டுக்கொள்ளும் காலத்தில் நாம் எழுதுவதில் பயன் உண்டா?

பதில்: பதிவேற்ற வேண்டாம். கலைக்களஞ்சியத்தில் சான்றைப் படித்த பிறகே வாக்கியம் பிறக்க வேண்டும். கருவியோ அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து வாக்கியத்தை முதலில் அமைத்துவிடுகிறது, சான்று கேட்டால் இல்லாத நூலுக்கும் பக்க எண் தந்துவிடக்கூடும். திருத்தினால் போதாதா என்பீர்கள். பிழையான வாக்கியமும் சரியான வாக்கியத்தைப் போலவே சரளமாக ஓடுவதால் கண் அதைத் தாண்டிச் சென்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் சான்று தேடிச் சரிபார்ப்பதற்குள் புதிதாகவே எழுதி முடித்துவிடலாம்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான விடைகள் குவிந்ததைக் கண்டு, ஒரு வாரத்திற்குள்ளாகவே சாட்ஜிபிடி எழுதிய விடைகளுக்குத் தடை விதித்தது. மனிதர் சரிபார்க்காதவை என்று தெளிவாகத் தெரியும் கட்டுரைகளை, கற்பனைச் சான்றுகள் போன்ற அடையாளங்களைக் கொண்டு, நெடிய விவாதமின்றி நீக்க ஆங்கில விக்கிப்பீடியா 2025இல் வழிவகுத்தது.

நூலைப் படித்து நீங்களே எழுதிய பிறகு, எழுத்துப் பிழை பார்க்கவும் விடுபட்டவற்றைக் கேட்டறியவும் கருவியைப் பயன்படுத்தலாம். அது சொல்வதைக் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியிலுள்ள கவலை வெறும் அச்சமல்ல. மனிதர்கள் விக்கிப்பீடியாப் பக்கங்களைப் பார்ப்பது முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 8% குறைந்துள்ளதாக, அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 அக்டோபரில் தெரிவித்தது. பிழையைக் கண்ட வாசகர் அதைத் திருத்தப் புகுந்தே பங்களிப்பாளர் ஆகிறார் என்பதால், வாசகர் குறைந்தால் நாளைய எழுத்தாளரும் குறைவார். வருகை குறைவதைவிட இந்த இழப்பையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஆனால் அந்தக் கருவிகள் கற்பதும் இத்தகைய பக்கங்களிலிருந்துதான். தம் வெளியீடுகளையே மீண்டும் மீண்டும் கற்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் (இக்கருவிகளை இயக்கும் நிரல்கள்) தரம் கெடுவதை 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எனவே, அச்சு நூல்களில் மட்டும் கிடக்கும், இணையம் ஏறாத செய்திகளைச் சான்றுடன் எழுதுங்கள். அவற்றைக் கருவிகளிடமிருந்து பெறுவது அரிது.

கருவியின் உரையை ஏற்கெனவே சேர்த்திருந்தால், அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அதைத் தெரிவித்துவிட்டு, சான்று கிடைக்காத வாக்கியங்களை நீங்களே நீக்கிவிடுங்கள்.