வெறும் சேறு

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் பரமக்குடி. கோவையில் பொறியியல் படிக்கிறேன். இந்தியப் பெருங்கடலின் நடுவே 5,000 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ளும் திட்டம் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. அங்கே வெறும் சேறுதான், உயிர் என்று சொல்ல ஒன்றுமில்லை என்றார் ஆசிரியர். மின்சார வண்டிக்கு அந்த உலோகம் வேண்டும்தானே? ஆழமே இல்லாத பாக் விரிகுடாக் கரைக்காரர்களுக்கு இதில் என்ன வந்தது? வாசிக்க ஏதாவது சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

மின்சார வண்டிக் கணக்கை இன்னொரு நாள் பேசுவோம். ‘வெறும் சேறு’ என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

என் தாய்மாமா தங்கச்சிமடத்தில் வள்ளம் வைத்திருந்தார். வலை விடும் முன் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார். ‘நாலு பாகம்’ என்று ஆழம் சொல்லிவிட்டு, குண்டில் ஒட்டி வந்ததை விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். எனக்கு ஒன்பது வயது. “சேறுதானே மாமா?” என்றேன். நறுக்கென்று ஒரு குட்டு. “சோறுடா.”

போன வாரம் ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கரை திரும்பிய காலையில் சங்காயக் குவியல் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கிய பொடிமீன், கோழித்தீவனத்துக்குப் போகிற குவியல். விரல் நகம் அளவு நண்டுகள், கண் மட்டும் பெரிதாய் மீன்குஞ்சுகள், பாசியில் வாலைச் சுற்றியபடியே செத்துப்போன ஒரு கடல்குதிரை. இழுவை மடி வலை கடல் தரையை வழித்துக்கொண்டு வந்தது அது. மாமா முகர்ந்து பார்த்த அதே தரை.

ஆழத்திலும் தரை தரைதான், தம்பி. வெயில் எட்டாத அந்த இருட்டில், மேலே செத்தவை துகள் துகளாக இறங்குவதுதான் தீனி. அந்தச் சேற்றைத் தின்று வாழ்பவற்றில் முக்கியமானது கடல் அட்டை. நம் மண்டபம் பக்கம் பிடித்தால் வழக்குப் போடுகிறார்களே, அந்த அட்டையின் உறவுக்காரர்கள். நீங்கள் சொல்லும் உருண்டைகள் மேலேயே கடற்பஞ்சுகள் ஒட்டி வளர்கின்றன. அந்த உருண்டை சில மில்லிமீட்டர் பருக்கப் பத்து லட்சம் வருடம் ஆகும். அள்ளினால் திரும்ப எப்போது முளைக்கும்? உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால், 4,000 மீட்டருக்கும் கீழே ஜெர்மன் விஞ்ஞானிகள் சோதனைக்காகக் கலப்பை போல ஒன்றை இழுத்தார்கள். 26 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது உழுத தடம் அப்படியே இருந்தது. மூடிவிட அங்கே அலை கிடையாது. மேலிருந்து விழும் துகள் அவ்வளவு மெதுவாகப் படிகிறது. நம் நாடு தேடிப்பார்க்க வாங்கி வைத்திருக்கும் பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் எடுக்கிற கை கூசாது. அந்தச் சொல்லை நீங்கள் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அதுவும் பரமக்குடிப் பிள்ளை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

புத்தகப் பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருவீர்கள்தானே? விடிவதற்குள் ராமேஸ்வரம் போய்விடுங்கள். ஆறு மணிக்குமேல் சங்காயத்தை வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.